நாள்பட்ட நீர்ப்பை வலிக்குக் கைமுறை பிசியோதெரபி: பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் நாள்பட்ட அடிவயிற்று வலியோடும் ஓயாத நீர்க்கடுப்போடும் அலையும் பெண்கள், இறுகிய அடி இடுப்புத் தசையைக் கையால் அழுத்தித் தளர்த்தும் கைமுறை சிகிச்சைக்காகப் பிசியோதெரபி அறைக்கு வருவதற்கு முன்னும் வந்த பின்னும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறோம். முதலில் இருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

மாசா மாசம் நீர்க்கடுப்புன்னு மாத்திரை தின்னுட்டே இருக்கறனுங்க. டெஸ்ட்ல கிருமி இல்லீங்கறாங்க. அப்பறம் ஏனுங்க வலிக்குது?

கிருமி இல்லாமலும் நீர்ப்பை வலிக்கும். நீர்ப்பை நிறைய நிறைய வலி கூடுவது, போய்விட்டு வந்தால் சற்றே குறைவது, அரை மணிக்கொரு தடவை போக வேண்டியிருப்பது, இவை ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, கிருமியோ வேறு காரணமோ அகப்படவில்லை என்றால் மருத்துவர்கள் அதை நீர்ப்பை வலி நோய் என்பார்கள். இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் என்பது அதன் பழைய பெயர். சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்தால் மிரள வேண்டாம். அது புற்றுநோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது.

வருத்தமான விஷயம், கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்ற லேப் பரிசோதனை, செய்யாமலேயே ஆன்டிபயாட்டிக் அட்டை அட்டையாகக் கைமாறுவதுதான். மாத்திரையை விழுங்குவதற்கு முன்பு, கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வரும் சிறுநீரை லேப் கொடுத்த புட்டியில் பிடித்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். முடிவு வர இரண்டு நாள் ஆகும். சீழ் அணு இருக்கிறது, ஆனால் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகக் காசநோய்க்கான பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் அதை விட்டுவிடக் கூடாது.

உடம்புச் சூடுன்னு சொல்றாங்களே. கால் பெருவிரல்ல சுண்ணாம்பு வெச்சு, இளநீர் குடிச்சா போதாதுங்களா?

தண்ணீர் குறைவாகக் குடித்து, வெயிலில் அலைந்து, சிறுநீர் அடர்ந்து எரிகிற அன்றைய கடுப்புக்கு இளநீரும் ஓய்வும் இதமாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிட்டால் சரி. மாதக்கணக்கில் வலி இருந்தால் அது வேறு சங்கதி. சுண்ணாம்பு வைத்துக்கொண்டே ஆறு மாதத்தைத் தள்ளினால், அந்த ஆறு மாதமும் தசை இறுகிக்கொண்டேதான் இருக்கும்.

வலி ஒண்ணுக்குப் பையில இருக்குது. தசையப் புடிச்சு விட்டா என்னங்க ஆகப்போகுது?

முன்னால் இருக்கும் இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூரி கட்டின சேலை மாதிரி ஒரு தசைப் படுகை தொங்குகிறது. அடி இடுப்புத் தசை என்பது இதைத்தான். நீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். சிறுநீர்க் குழாய் அதன் நடுவே புகுந்துதான் வெளியே வருகிறது. சிறுநீரை அடக்கும்போது இந்தத் தசை இறுகும், போகும்போது தளரும். நீர்ப்பை வலிக்க ஆரம்பித்தால் உடம்பு தானாகவே இதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நாள் முழுக்க இறுகியே கிடக்கும் தசைக்கு ரத்த ஓட்டம் குறையும், அங்கங்கே முடிச்சு விழும். நீர்ப்பைக்கும் இந்தத் தசைக்கும் நரம்பு வருவது அடி முதுகில் ஒரே இடத்திலிருந்து. அதனால் முடிச்சில் எழும் வலியை மூளை நீர்ப்பையில் இருப்பதாகவே வாசிக்கிறது. வலியால் இறுக்கம், இறுக்கத்தால் வலி என்று வட்டமாகச் சுற்றும்.

கையை இறுக்கி மூடிக்கொண்டு பெருவிரலின் அடியிலுள்ள சதையை அழுத்திப் பாருங்கள். பிறகு கையைத் தளர விட்டு அதே இடத்தை அழுத்துங்கள். முதலில் விரலுக்கு எதிர்த்து நின்ற சதை இப்போது உள்வாங்கிக் கொடுக்கும். உள்ளே இருக்கும் தசையிலும் சிகிச்சையாளரின் விரல் தேடுவது இந்த வேறுபாட்டைத்தான். தறி ஓட்டும் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லலாம்: பாவு (தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்) அளவுக்கு மீறி விறைத்துக் கிடக்கிறது, அதை நிதானத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

எங்கூர்ல சுளுக்கு எடுக்கற ஆத்தா இருக்குது, வயிறும் தடவி விடும். அதுவும் கை வேலைதானுங்களே?

அவர்கள் கை தொடுவது வெளிச் சதையை. எண்ணெய் போட்டு வயிற்றை இதமாகத் தடவுவதில் கெடுதல் இல்லை; ஆனால் வலிக்கிற அடிவயிற்றை அழுத்தி உருவுவதும், 'கர்ப்பப்பை இறங்கிருச்சு, ஏத்தி விடறேன்' என்று உள்ளே கை வைப்பதும் வேண்டவே வேண்டாம். இது எந்தத் தசை, எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது என்று படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. அடி இடுப்புத் தசைக்கான தனிப் பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்ட்தான் உங்களுக்குத் தேவை.

மொத நாள் போனா என்னங்க செய்வாங்க? துணியெல்லாம் அவுக்கோணுங்களா?

முதல் நாளில் பாதி நேரம் பேச்சிலேயே போகும். எப்போது ஆரம்பித்தது, எத்தனை பிரசவம், ஆபரேஷன் உண்டா, மலச்சிக்கல் உண்டா, தாம்பத்தியத்தில் வலிக்கிறதா, எத்தனை மணி நேரம் உட்கார்ந்து வேலை என்று கேட்பார்கள். மூன்று நாள் குறிப்பு எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், அளவு போட்ட பிளாஸ்டிக் மக்கில் எத்தனை மில்லி, அப்போது வலி பத்துக்கு எத்தனை, இவ்வளவுதான். சாதாரணமாக ஒரு தடவைக்கு 250 முதல் 400 மில்லி வரை போகும். எழுந்து எழுந்து போய் ஒவ்வொரு தடவையும் 80, 100 மில்லிதான் என்றால் அந்தக் குறிப்பே நிறையச் சொல்லிவிடும்.

அடுத்து, மூச்சு வயிறு வரை இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். அடிவயிறு, தொடையின் உள்பக்கம், பிட்டம், முதுகின் அடி இவற்றை வெளியே தொட்டுப் பார்ப்பார்கள். பார்க்கும் இடம் தவிர மற்றதெல்லாம் போர்வைக்குள்தான் இருக்க வேண்டும். உள்ளே பார்ப்பது முதல் நாளே நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் உங்களைக் கேட்டுத்தான் அடுத்தது. 'நிறுத்துங்க' என்றால் அந்த நொடியே கை எடுக்கப்பட வேண்டும். கூட அம்மாவோ அக்காவோ இருக்கலாம். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், தப்பே இல்லை.

உள்ளுக்குள்ள என்னதான் பண்ணுவாங்க? நெம்ப வலிக்குமுங்களா?

முதலில் வெளி வேலை. தோலையும் அதன் அடிச் சதையையும் விரல்களுக்கு இடையே தூக்கி, சப்பாத்தி மாவை உருட்டுவது போல மெதுவாக நகர்த்துவார்கள். அடிவயிறு, தொடை இடுக்கு, உள் தொடை, பிட்டம் எல்லாம் இப்படித்தான். இறுகிய இடத்தில் தோல் சுலபமாக எழும்பாது, சுருக்கென்று இருக்கும்.

உள்ளே வேலை என்றால் ஒரே ஒரு விரல், கையுறை, தண்ணீரில் கரையும் ஜெல். உலோகக் கருவி எதுவும் இல்லை. பிறப்புறுப்பின் வாயை ஒரு கடிகார முகமாக வைத்துக்கொள்ளுங்கள்: மேலே இடுப்பெலும்பு 12, கீழே ஆசனவாய் 6. நாலு, ஐந்து, ஏழு, எட்டு மணிப் பக்கம் தாங்கு தசை, மூன்றிலும் ஒன்பதிலும் சற்று உள்ளே பக்கச் சுவர்த் தசை. அந்தப் பக்கத்து முழங்காலை அவர் கைக்கு எதிராக வெளியே தள்ளச் சொன்னால், பக்கச் சுவர்த் தசை விரலடியில் புடைத்து எழும். சரியான இடம்தான் என்பது அப்படித் தெரியும். முடிச்சு கிடைத்ததும் 30 முதல் 90 நொடி வரை அசையாமல் அழுத்திப் பிடிப்பார்கள். நீங்கள் மூச்சை நீளமாக விடும்போது அது விரலுக்கடியில் கொஞ்சம் இளகும். சில நேரம் 'லேசாக இறுக்குங்க, இப்ப விடுங்க' என்பார்கள். அழுத்தும்போது 'இதுதான், இதே வலிதான் எனக்கு எப்பவும்' என்று பலருக்கும் தோன்றும். அதைச் சொல்லுங்கள், சிகிச்சையாளருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

வலி பத்துக்கு நான்கைத் தாண்டக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் தசை இன்னும் இறுகும், அன்றைய வேலை வீண். 'வலிச்சாத்தான் குணமாகும்' என்பது இங்கே செல்லாது. 12 மணிப் பக்கம் சிறுநீர்க் குழாய் இருப்பதால் அங்கே அழுத்துவது கிடையாது.

கல்யாணமாகாத புள்ளைக்குச் செய்யலாமுங்களா?

செய்யலாம். வெளி வேலை, மூச்சு, தளர்த்தும் பயிற்சி, இவற்றை வைத்தே முதல் சில வாரங்களை நடத்தலாம். பலருக்கு அதிலேயே தெரிகிற அளவு குறையும். உள்ளே வேலை தேவை என்று பட்டால், விளக்கிச் சொல்லி அந்தப் பெண்ணே சம்மதித்தால் மட்டும். தேவைப்பட்டால் ஆசனவாய் வழியாகவும் அதே தசையைத் தொட முடியும். முடிவு அந்தப் பெண்ணுடையது, உடன் வந்த பெரியவர்களுடையது இல்லை.

எத்தனை வாட்டி வரோணும்? ஒரு வாட்டிக்கு எவ்வளவு நேரம்?

வாரம் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் 45 முதல் 60 நிமிடம், மொத்தம் பத்துப் பன்னிரண்டு முறை என்பது பொதுவான கணக்கு. நாலைந்து முறைக்குள் ஏதாவது ஒன்று அசைய வேண்டும்: இரவில் எழுவது ஐந்திலிருந்து மூன்றாகலாம், பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார முடியலாம். வலி மொத்தமாகப் போவது அதற்குப் பிறகுதான், அதுவும் எல்லோருக்கும் இல்லை. இரண்டு முறை வந்து மூன்று வாரம் விட்டு மறுபடி வந்தால் முதலிலிருந்து தொடங்கியது போலாகிவிடும். மாதவிலக்கு நாட்களில் உள் வேலையைத் தள்ளி வைத்து வெளி வேலையை மட்டும் செய்யலாம்.

இது நெசமாலுமே வேலை செய்யுதுங்களா, இல்ல புதுசா ஒரு செலவுங்களா?

வட அமெரிக்காவில் 11 மையங்களில் 81 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. எல்லோருக்கும் நீர்ப்பை வலியும் அடி இடுப்புத் தசையில் தொட்டால் வலியும் இருந்தன. ஒரு பாதிக்கு மேலே சொன்ன தசை முடிச்சு வேலை, மறு பாதிக்கு உடம்பு முழுவதற்கும் சாதாரண மசாஜ், இரண்டுமே பத்து முறை. முடிவில் நன்றாகக் குறைந்திருக்கிறது என்று சொன்னவர்கள் முதல் பிரிவில் 59 சதவீதம், மசாஜ் பிரிவில் 26 சதவீதம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: வலி, அவசரம், எத்தனை தடவை போகிறார்கள் என்று தனித்தனியாக அளந்தபோது இரண்டு பிரிவிலுமே குறைந்தது, இரண்டுக்கும் நடுவே பெரிய வேறுபாடு தெரியவில்லை.

அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் 2011இல் வெளியிட்டு 2022இல் திருத்திய வழிகாட்டுதலும், அடி இடுப்புத் தசையில் வலி இருக்கிற பெண்களுக்கு இந்தக் கைமுறை சிகிச்சையைத் தரச் சொல்கிறது. 'தசையில் வலி இருக்கிற' என்பதுதான் முக்கியம். தொட்டுப் பார்த்துத் தசையில் ஒன்றும் இல்லை என்றால், பத்து முறை வரச் சொல்வதில் நியாயம் இல்லை.

போயிட்டு வந்த அன்னிக்கு ராத்திரி வலி கூடிருச்சுங்க. தப்பாப் பண்ணிட்டாங்களா?

ஒன்றிரண்டு நாள் உள்ளே நோவாக இருப்பது வழக்கம், புதுசாக ஏர் பிடித்தவன் கைக்கு மறுநாள் இருப்பது போல. வென்னீர்ப் பையைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் அடிவயிற்றிலோ அடியிலோ வைத்துக்கொண்டு, நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். மூன்றாம் நாளும் குறையவில்லை என்றால் அழுத்தம் அதிகம் என்று பொருள். அடுத்த முறை சொல்லிக் குறைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீரில் ரத்தம், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல் இருந்தால் அது நோவு இல்லை, மருத்துவரிடம் அன்றே போக வேண்டும்.

கீகல் பயிற்சி பண்ணுங்கன்னு செல்போன்ல வீடியோ வருதே. தெனமும் நூறு வாட்டி பண்றனுங்க, கொறையவே மாட்டேங்குது?

நிறுத்துங்கள். அர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1948இல் சொன்ன, அடி இடுப்புத் தசையை இறுக்கும் பயிற்சி அது. பிரசவத்துக்குப் பின் தசை தொய்ந்து, இருமினால் தும்மினால் சிறுநீர் கசிகிற பெண்களுக்கானது. உங்களுக்குத் தசை தொய்யவில்லை, விறைத்துக் கிடக்கிறது. விறைத்ததை நாளைக்கு நூறு தடவை இன்னும் விறைக்க வைத்தால் வலி ஏறத்தான் செய்யும். மேலே சொன்ன அதே வழிகாட்டுதல் நீர்ப்பை வலிக்காரர்களுக்கு இறுக்கும் பயிற்சி வேண்டாம் என்றே சொல்கிறது. கசிவும் வலியும் இரண்டும் இருந்தால் முதலில் தளர்த்தல், இறுக்கும் பயிற்சி பிற்பாடு, அதுவும் சிகிச்சையாளர் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகு.

அப்ப வீட்டுல நானே என்னங்க பண்ணலாம்?

முதல் வேலை மூச்சு. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். நான்கு எண்ணி மூக்கால் இழுக்கும்போது வயிறு கையை மேலே தள்ள வேண்டும், அதோடு அடி இடுப்பு கீழே விரிவதாக நினையுங்கள். முக்கக் கூடாது. ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று வேளை. பிறகு மண்டியிட்டுக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்து முழங்கால்களை அகட்டிய நிலையில் ஒரு நிமிடம். மல்லாந்து இரு முழங்காலையும் அக்குள் பக்கம் இழுத்துப் பிடித்து ஒரு நிமிடம். குத்த வைத்து உட்கார முடிந்தால் அதுவும் நல்லது. பிட்டத்தில் முடிச்சு இருந்தால் சுவருக்கும் பிட்டத்துக்கும் நடுவே டென்னிஸ் பந்தை வைத்துச் சாய்ந்து ஒரு நிமிடம் நில்லுங்கள்.

உள்ளே நீங்களே அழுத்துவது சிகிச்சையாளர் ஒருமுறை காட்டிக் கொடுத்த பிறகுதான். நகம் வெட்டி, கை கழுவி, சாய்ந்து படுத்து, பெருவிரலை ஒரு கணு அளவு மட்டும் உள்ளே வைத்து ஐந்து மணிப் பக்கமும் ஏழு மணிப் பக்கமும் மெதுவாக அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ரப்பர் கையுறை போட்டால் தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் போடாதீர்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும்.

கம்பெனில ஓவர்லாக் மிஷின்ல பத்து மணி நேரம் உக்காரோணும். பாத்ரூம் போனா சூப்பர்வைசர் சத்தம் போடறாருங்க. தண்ணி குடிக்காம இருந்தர்றேன். செரிதானுங்களா?

தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து, வலிக்கிற நீர்ப்பையை இன்னும் எரிக்கும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை நாள் முழுக்கப் பிரித்து, ஒரு நேரத்துக்கு அரை டம்ளராகக் குடியுங்கள். ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடித்தால் அரை மணியில் ஓட வேண்டியிருக்கும். அடக்குவதும் இறுக்கம்தான். இரண்டரை, மூன்று மணிக்கு ஒரு தடவை போவது உங்கள் உரிமை. மருத்துவர் சீட்டில் அதை எழுதி வாங்கி மேலாளரிடம் கொடுங்கள், வாய்ச் சண்டையைவிட அது எடுபடும்.

சாயாத ஸ்டூலில் விளிம்பில் உட்கார்ந்து ஒரே காலால் பெடலை அழுத்தும்போது ஒரு பக்க இடுப்பு மட்டும் இறுகும். மடித்த பனியன் துணியைத் தொடையடியில் வைத்து நடுவில் பள்ளம் விட்டு உட்காருங்கள். முக்கால் மணிக்கொரு முறை எழுந்து பத்து நொடி நில்லுங்கள். போகும்போது முக்காதீர்கள், உட்கார்ந்து, மூச்சை விட்டு, தானாக வரும் வரை காத்திருங்கள். வலி குறைந்த பிறகு, முக்கால் மணிக்கொரு முறை போகிறவர் அதை ஒரு மணியாக்கி ஒரு வாரம், பிறகு ஒன்றேகால் மணி என்று கால் கால் மணியாகத் தள்ளலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது இந்தப் பயிற்சி வேண்டாம்.

சிசேரியன் தழும்பும் இழுக்குது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமுங்களா?

பல பேருக்கு உண்டு. தழும்பு அடிச் சதையோடு ஒட்டிக்கொண்டால் நீர்ப்பை நிறையும்போது இழுக்கும். ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் கழிந்து காயம் நன்றாக மூடியிருந்தால், தழும்பின் மேல் விரல் வைத்து மேல், கீழ், இடம், வலம் என்று தோலோடு நகர்த்திப் பாருங்கள். எந்தத் திசையில் நகர மறுக்கிறதோ அந்தத் திசையில் 30 நொடி பிடித்து நில்லுங்கள். தேய்க்க வேண்டாம், நகர்த்தினால் போதும்.

சாப்பாட்டுல எதை விடோணுங்க?

எல்லோருக்கும் ஒரே பட்டியல் கிடையாது. டீ, காபி, எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி, புளி, மிளகாய், சோடா, வைட்டமின் சி மாத்திரை இவை பலருக்கு வலியைக் கிளப்பும். மூன்று வாரம் இவற்றை நிறுத்திவிட்டு, மூன்று நாளைக்கு ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். எது ஒத்துக்கவில்லையோ அதை மட்டும் விடுங்கள். அரிசிம்பருப்புச் சாதத்தைத் தக்காளி இல்லாமல் சீரகம், பூண்டு போட்டுச் செய்யலாம். பச்சைப்பயிறு கடைசல், ராகிக் களி, நெய் எல்லாம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். மலச்சிக்கலை மட்டும் அலட்சியம் பண்ணாதீர்கள், முக்குவது மறுபடி அந்தத் தசையைத்தான் இறுக்கும்.

எங்கூட்டுக்காரரு பக்கத்துல வந்தாலே பயமா இருக்குதுங்க. சொன்னா நடிக்கறேங்கறாரு.

அந்த வலி நெசம். இறுகிய தசையின் வழியாக எது நுழைந்தாலும் வலிக்கும், அடுத்த நாள் நீர்க்கடுப்பு கூடும். சிகிச்சை நடக்கிற முதல் ஆறு வாரம் உள்ளே செல்லும் உறவை நிறுத்தி வைக்கலாம் என்று சிகிச்சையாளரே சொல்லிவிட்டால் வீட்டில் பேச்சு எளிதாகும். ஒரு முறை அவரையும் அழைத்து வந்து தசைப் படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். மறுபடி தொடங்கும்போது ஜெல், உங்கள் கட்டுப்பாட்டில் வேகம், முடிந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு வென்னீர்ப் பை.

யாருக்கெல்லாம் இது ஆகாதுங்க?

சிறுநீரில் அல்லது பிறப்புறுப்பில் அப்போது கிருமி இருப்பவர்கள், புண் இருப்பவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், பிரசவமோ ஆபரேஷனோ ஆகி ஆறு வாரம் ஆகாதவர்கள் உள் வேலையைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சிறுநீரில் ரத்தம் ஒருமுறை வந்திருந்தாலும் முதலில் யூராலஜிஸ்ட்டிடம் (சிறுநீரியல் மருத்துவரிடம்) ஸ்கேன், தேவைப்பட்டால் குழாய்க் கேமரா பரிசோதனை முடித்துவிட்டு வாருங்கள். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வறட்சியாலேயே எரிச்சல் வரலாம். அதற்கு மகப்பேறு மருத்துவர் தரும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் போட்டுச் சில வாரம் கழித்து உள் வேலை செய்தால் வலி குறைவு.

செரியான ஆளுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?

போன் போட்டு நேராகக் கேளுங்கள்: 'அடி இடுப்புத் தசைக்கு உள்ளே கை வைத்துச் செய்யும் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, வலி இருக்கிற பெண்களைப் பார்க்கிறீர்களா?' எம்.பி.டி. என்ற பிசியோதெரபி முதுகலைப் படிப்பில் மகளிர் நலப் பிரிவு படித்தவர்கள் கோவை போன்ற பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். முதல் நாளே மின்சார மிஷினை மாட்டிவிட்டு வெளியே போகிறவர், தொட்டே பார்க்காமல் கீகல் எழுதிக் கொடுக்கிறவர், இருவரும் உங்களுக்கானவர் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் யூராலஜி பார்த்தால், பிசியோதெரபி பிரிவுக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

பத்து வாட்டி போயும் கொறையலீங்க. இனி என்னதான் பண்றது?

முதலில் குறிப்பை எடுத்துப் பாருங்கள். வலி அப்படியே இருந்தாலும் எத்தனை தடவை என்பது குறைந்திருந்தால் இன்னும் நான்கு முறை தொடரலாம். எதுவுமே அசையவில்லை என்றால் தொடர வேண்டாம், யூராலஜிஸ்ட்டிடம் திரும்புங்கள். நீர்ப்பையின் உள்சுவரில் ஹன்னர் புண் என்ற சிவந்த புண் சிலருக்கு இருக்கும்; அதைக் கேமரா வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கையால் அது ஆறாது, கரித்து எடுப்பதும் ஊசியும்தான் மருந்து. கருப்பைக்கு வெளியே அதன் உள்தோல் வளரும் எண்டோமெட்ரியோசிஸும் இதே வலியைத் தரும். மாதவிலக்கோடு சேர்ந்து வலி ஏறினால் மகப்பேறு மருத்துவரிடம் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

மாத்திரைகளும் உண்டு. அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் இரவில் தருவார்கள். அது மனநோய் மாத்திரை என்று யாராவது சொன்னால் பயந்து நிறுத்தாதீர்கள், இங்கே அதன் வேலை நரம்பு வலியைத் தணிப்பது. நீர்ப்பை வலிக்குத் தரும் இன்னொரு மருந்தான பென்டோசான் பாலிசல்பேட் வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு விழித்திரையில் பாதிப்பு வரலாம் என்று 2018இல் தெரியவந்தது. எடுக்கிறவர்கள் கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டிக்கொள்ள வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் பழைய கல்ச்சர் சீட்டுகள், ஸ்கேன், மூன்று நாள் குறிப்பு, இதுவரை சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.